தலைமாட்டில் ஏற்றிய விளக்கு

உயிரோடு இருந்த என் மனைவியின் தலைமாட்டில் நான் விளக்கேற்றி வைத்தேன்.

செத்தவர்களுக்குத்தான் அப்படி ஏற்றுவது வழக்கம். உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். தலையைத் தெற்கே திருப்பி, கால்களை நேராக்கி, தலைமாட்டில் ஒற்றைத் திரி போட்டு… எல்லாவற்றையும் முறை தவறாமல் செய்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கவில்லை.

எனக்குப் பைத்தியமா என்று கேட்பீர்கள். இல்லை. குடிக்கிறவனும் இல்லை. அவளை வெறுத்தேனா? ஐயோ, இல்லவே இல்லை! பதறிப் போய் ஏதோ செய்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நான் பதறவில்லை. அதுதான் என் குற்றம்.

இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பிறவிக் கோழை. முதலில் அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தொலைபேசி மணி அடித்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று கை நடுங்குகிறவன். அம்மா இறந்தபோது சுடுகாட்டில் ஓவென்று கத்தி, மயங்கி விழுந்து, பிணத்தைக் கொண்டு வந்தவர்களே என்னையும் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. உறவில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு நடைபாதைக் கடையில், அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. ஸ்டோயிக் ஞானிகளைப் பற்றியது. கிரேக்கத்திலும் ரோமிலும் எப்போதோ வாழ்ந்தவர்கள். அதிர்ஷ்டம் கொடுப்பதையும் பறிப்பதையும் கண்டு அசையாதவர்கள். உன் கையில் இருப்பதைச் செய், இல்லாததை விட்டுவிடு என்றார்கள். வரப்போகும் இழப்பை முன்கூட்டியே மனதில் நடத்திப் பார், வரும்போது அது உன்னை வீழ்த்தாது என்றார்கள்.

எனக்கென்றே எழுதியது போலிருந்தது! இனி ஒருவனும் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

கொச்சியில், மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, எர்ணாகுளத்துக்குப் படகில்தான் தினமும் அலுவலகம் போவேன். மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கர் வேலை. படகு கிளம்பியதும் கண்களை மூடிக்கொள்வேன். ஒரு நாள் வேலை போய்விட்டதாக நினைப்பேன். ஒரு நாள் வீடு எரிந்துவிட்டதாக. பெரும்பாலும் என் மனைவி கோமதி இறந்துவிட்டதாக. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இழப்பதற்கு எனக்கு இருந்ததே அவள் ஒருத்திதானே! சமையலறையில் கிடக்கிறாள்… நான் அழாமல் அடுப்பை அணைக்கிறேன்… காலை நேராக்குகிறேன்… விளக்கேற்றுகிறேன்… இப்படி நினைத்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

ஒரு முறை அவளும் என்னோடு படகில் வந்தாள். கரையேறியதும் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்னா, அத்தனை நேரமும் கண்ண மூடிண்டு என்ன பண்ணிண்டிருந்தேள்? ஜபமா?”

எனக்கு அவளிடம் பொய் சொல்ல வராது. அப்போது வராது. உள்ளதைச் சொன்னேன்.

கோமதி ஜெட்டியிலேயே நின்று சிரித்தாள். “தெனம் என்னைக் கொன்னுட்டுத்தான் ஆபீஸ் போறேளா? நன்னாருக்கு! கொல்லறதுன்னா கொல்லுங்கோ. ஆனா செத்தாச்சான்னு ஒரு தடவை பாத்துக்கோங்கோ.”

நானும் சிரித்தேன். அன்று அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். கர்க்கடக மாதத்து மழை, நம் ஆடி. சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. முன்னறையில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கிட்டங்கியில் சுக்கு மூட்டைகள் ஈரம் பட்டு, தெரு முழுக்க அந்த நெடி. கோமதி மோர்க்கூட்டானுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது. பாத்திரம் ஒன்று உருண்டது.

போய்ப் பார்த்தேன். துருவலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண்கள் பாதி திறந்திருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அசைவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘வந்துவிட்டது.’ அவ்வளவுதான். எத்தனையோ தடவை பார்த்து முடித்த காட்சி! இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

அடுப்பை அணைத்தேன். மெதுவாக அவளை மல்லாத்தினேன். தலையைத் தெற்கே திருப்பினேன். புடவையைக் கணுக்கால் வரை இழுத்து விட்டேன். சுவாமி அலமாரியிலிருந்து சின்ன விளக்கை எடுத்து வந்து, எண்ணெய் விட்டு, ஏற்றி வைத்தேன். கை நடுங்கவே இல்லை. ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது.

பிறகு அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. அப்போது எனக்குள் துக்கம் இல்லை. பெருமை இருந்தது! பார்த்தாயா, அழவில்லை பார்த்தாயா, விழவில்லை பார்த்தாயா… என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அவள் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக்கூட அடுக்கிப் பார்த்தேன். சுடுகாட்டில் சிரித்தவர்கள் இப்போது வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. திரி ஒரு முறை கருகி, நான் அதைத் தூண்டிவிட்டது நினைவிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், திரியைத் தூண்டியிருக்கிறேன்!

பின்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டு சைனபா வந்தாள். கறிவேப்பிலை கேட்டு வந்தவள். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள். அடுத்த கணம் தரையில் மண்டியிட்டு, கோமதியின் மூக்கடியில் புறங்கையை வைத்தாள்.

“சாமி! மூச்சு உண்டு! சேச்சிக்கு மூச்சு உண்டு! எந்தா இப்படி இருக்கறது? எழுந்திரி சாமி… நான் ஓட்டோ விளிக்கறேன்!”

அவள் தெருவுக்கு ஓடினாள். நான் எழுந்தேன். முதலில் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மனைவியைத் தூக்கினேனா? இல்லை. விளக்கை அணைத்தேன். அதைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எண்ணெய் சொட்டியிருந்த இடத்தைக் காலால் தேய்த்தேன்.

திரும்பியபோதுதான் பார்த்தேன். கோமதியின் கண்கள் நான் போன திசையிலேயே இருந்தன. அலமாரிப் பக்கம்.

அவள் பார்த்திருந்தாள். எல்லாவற்றையும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது விழுந்தார் என்பதுதான். அந்த நேரத்தை வைத்துத்தான் மருந்தை முடிவு செய்வார்களாம். ஒவ்வொரு நிமிடத்திலும் மூளையில் ஏதோ செத்துக்கொண்டிருக்குமாம். சைனபா என் முகத்தைப் பார்த்தாள். நான், “இப்பதான் டாக்டர், விழுந்த உடனே கொண்டு வந்துட்டோம்” என்றேன். குரல் எவ்வளவு நிதானமாக இருந்தது!

பிழைத்துவிட்டாள். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சு போயிற்று. “சிலருக்கு உடனே கொண்டு வந்தாலும் இவ்வளவுதான் கிடைக்கும். உங்கள் பக்கத்தில் ஒரு தப்பும் இல்லை” என்று டாக்டர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். என் பொய்யை அப்படியே எனக்கு ஆறுதலாகத் திருப்பிக் கொடுத்தார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

சைனபாவுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம், விழுந்து கிடக்கும் மனைவியின் பக்கத்தில் விளக்கேற்றி, வாய் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதனை. அவள் மனம் நல்ல மனம். அதற்கு நல்ல அர்த்தத்தையே கண்டுபிடித்தது.

“ஞான் செல்லும்போ சாமி விளக்கு கொளுத்தி பிரார்த்திச்சுண்டு இருக்கார். மலை மாதிரி இருக்கார்! அந்தப் பிரார்த்தனை கேட்டு படச்சோன் சேச்சியைத் திருப்பித் தந்தான்.” இதைத் தெரு முழுக்கச் சொன்னாள். மீன் விற்க வருகிறவர், மருந்துக் கடைக்காரர், ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கும் பெண் என்று எல்லோரும் அறிந்துகொண்டார்கள். வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றால் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். “சாமி, ஒரு நல்ல வாக்கு பறயணும்…” நானும் போனேன்! துக்க வீடுகளில் உட்கார்ந்து, தைரியத்தைப் பற்றிப் பேசினேன். ஒரே ஒரு முறையாவது, அது பிரார்த்தனை இல்லை என்று சொல்லியிருக்கலாமே? வாய் வந்ததா? வரவில்லை.

கோமதிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க அஞ்சு என்றொரு பெண் வாரம் ஒரு முறை வருவாள். கட்டாகப் பட அட்டைகள் கொண்டு வந்து தந்தாள். பசு, குடை, சாவி, கடிகாரம்… தினமும் மாலையில் நான் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும், அவள் பெயர் சொல்ல முயல வேண்டும். முதல் நாளே அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு குத்துவிளக்கு, மஞ்சள் நிறச் சுடரோடு.

அதை உருவி என் அலுவலகப் பையின் உள்ளறையில் போட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. தினமும் என்னோடு படகில் வந்து போகிறது.

என்ன மடத்தனம் பாருங்கள்! ஒரு படத்தை ஒளித்தால் வார்த்தை வராமல் போய்விடுமா? ஆனால் நான் உள்ளூர வேண்டிக்கொண்டது அதைத்தான். மனைவிக்குப் பேச்சு வர வேண்டும் என்று வெளியே அலைந்தேன். வந்துவிடக் கூடாதே என்று உள்ளே நடுங்கினேன்.

முதலில் வந்த வார்த்தை ‘உப்பு.’ நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள். சைனபா கைதட்டிக் குதித்தாள். நானும் அழுதேன், அதில் கொஞ்சம் உண்மையான அழுகையும் இருந்தது. பிறகு தண்ணி. சாயா. சைனபாவின் பெயர். மெல்ல மெல்ல வந்துகொண்டே இருந்தது. நடந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா, சொல்லவில்லையா? இடது கையால் தலையணையை நகர்த்தி நகர்த்தி, தலையைத் தெற்கே வைத்துப் படுக்க மறுப்பாள். சைனபா ஒரு நாள் தெரியாமல் அப்படிப் படுக்க வைத்தபோது, போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

போன மாதம் வாசகசாலையிலிருந்து பிரபாகரன் மாஸ்டர் வந்தார். மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச்சுக் கூட்டம் நடத்துகிறவர். என் பேச்சை முன்பும் சில முறை வைத்திருக்கிறார். “இந்த ஞாயிறாழ்ச்ச தைரியத்தைப் பற்றி சாமி பேசணும். புஸ்தகத்துல உள்ளது வேண்டா. சாமி ஜீவிச்சுக் காட்டினது மதி, அது போதும்” என்றார்.

மறுத்திருக்க வேண்டும். ‘எனக்கு அந்தத் தகுதி இல்லை’ என்று சொன்னால்கூட அதை அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். ஒப்புக்கொண்டேன். ஏன் தெரியுமா? எனக்கு ஆசையாக இருந்தது.

கோமதியையும் அழைத்து வர வேண்டும் என்று மாஸ்டர் வற்புறுத்தினார். சைனபாவின் மகன்கள் இருவர் சக்கர நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே அவளை உட்கார வைத்தார்கள். மாஸ்டர் அறிமுகத்திலேயே விளக்குக் கதையைச் சொன்னார். விளக்கு என்ற சொல் வந்ததும் கோமதியின் இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. நான் பார்த்தேன்.

பார்த்தும் பேசினேன். “அன்று என் கையில் இருந்ததைச் செய்தேன். என் கையில் இல்லாததை விதியிடம் விட்டேன்” என்றேன். பலத்த கைதட்டல். கோமதி தட்டவில்லை. ஒரு கை இயங்காதவள் எப்படித் தட்டுவாள் என்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கையில் இருந்தது என்ன? அவள் மூச்சுதானே! அந்த ஞானிகள்மீது பழியில்லை. கையில் இருப்பதைச் செய் என்றுதான் முதலில் சொன்னார்கள். நான் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். விட்டுவிடு என்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! ஒருவரைக் காப்பாற்ற ஓடுவதற்குப் பயப்பட வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும், கத்த வேண்டும், நாலு பேர் பார்க்க அசிங்கமாக அழ வேண்டும். சைனபா அதைச் செய்தாள். நான் அழகாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை, காப்பியை ஆற்றிக் கொடுக்கப் போனபோது கோமதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இடது கையில் இப்போது நல்ல பலம். என் ஆள்காட்டி விரலை இழுத்துத் தன் மூக்கடியில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக மூச்சு வந்தது… போயிற்று… வந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள்.

“பா… த்துக்… கோங்… கோ.”

ஜெட்டியில் சிரித்துக்கொண்டு சொன்ன அதே சொல். இப்போது சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் இது நடக்கிறது. விரலை இழுப்பாள், வைப்பாள், விடுவாள். வேறு பேச்சில்லை. இது தண்டனையா? மன்னிப்பா? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இன்று காலை ஒரு தப்பு செய்தேன். அவள் இழுப்பதற்கு முன் நானாகவே விரலைக் கொண்டுபோனேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கப் பார்த்தேன் போலிருக்கிறது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரலில் ஒன்றும் படவில்லை.

காத்திருந்தேன். ஒன்றுமில்லை. கண்கள் திறந்தபடியே இருந்தன, பாதியாக, அன்றைக்கு இருந்ததுபோலவே. மார்பு எழவில்லை.

“கோமதி!” என்றேன். அசைவில்லை. எனக்குள் ஏதோ அறுந்தது. “ஐயோ! கோமதி! சைனபா… சைனபா ஓடி வாயேன்!” சுடுகாட்டில் கத்தியதைவிடப் பெரிதாகக் கத்தினேன். காப்பி கொட்டியது. டம்ளர் உருண்டது. பின்கட்டுக் கதவில் மோதிக்கொண்டு, கால் இடறி விழுந்து, எழுந்து…

திரும்பிப் பார்த்தபோது அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடக்கி வைத்திருந்த மூச்சு. புஸ்புஸ்ஸென்று வாங்கி விட்டுக்கொண்டு, நான் விழுந்து எழுந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. நான் கத்துவேனா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டாள். அன்றும் எனக்குக் கத்தத் தெரிந்துதான் இருந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டாள்.

சைனபா ஈரக் கையோடு ஓடி வந்தாள். “எந்தா சாமி? எந்தா ஆச்சு?”

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? கோமதி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்கிக்கொண்டிருந்தேன், அழுதுகொண்டிருந்தேன், வேஷம் எல்லாம் கலைந்து நின்றேன். ஒரே ஒரு வாக்கியம்தான். அன்று நான் பிரார்த்தனை செய்யவில்லை, சைனபா…

“ஒண்ணுமில்லை” என்றேன். “கை தவறிக் காப்பி கொட்டிடுத்து.”

உங்களிடம் மட்டும் எப்படிச் சொல்கிறேன்? நாளைக்கு ஜெட்டியில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை, அதனால்தான். இதையும் தைரியம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சைனபா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தரையைத் துடைத்தாள். கோமதியின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். “பேடிக்கண்டா சாமி, பயப்பட வேண்டா” என்று அன்போடு சொன்னாள். “அன்னிக்குப் போல சேச்சி பக்கத்துல ஒரு விளக்கு கொளுத்தி வை. எல்லாம் சரியாவும்.”

எழுந்து அலமாரி வரைக்கும் போனேன். தீப்பெட்டி கண்ணுக்கு நேரே இருந்தது. கோமதியின் பார்வை என் முதுகில் இருந்தது. தீப்பெட்டியைத் தேடுகிறவனைப் போல அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.